மூன்று நாள் இரண்டேகால் மணி

ஆகஸ்ட் 4

அக்கா,

பேனா பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. கண்ணாடிக் கடை ரசீதில் வலது கண், இடது கண் என்று கிறுக்குவதோடு சரி. உன் போன் ஜூலையிலிருந்து அணைந்தே கிடக்கிறது. கல்லூரிக்குப் பேசினால் மேடம் வகுப்பில் இருக்கிறார் என்கிறார்கள். எழுதினால் பதில் போடுவேன் என்று நீதான் சொல்லி அனுப்பினாய். எழுதுகிறேன்.

விஷயம் அண்ணனுடைய பெட்டி. அவர் வலைப்பூ ஓடிக்கொண்டிருந்த அந்தச் சின்ன கம்ப்யூட்டர். ஜூலை 13 அன்று அவர் வீட்டைப் பூட்டும்போது பிடுங்கி எடுத்து வந்தேன் அல்லவா, அதைப் போன ஞாயிறு, ஆகஸ்ட் 2, என் கடையின் பின்னறையில் மாட்டினேன். வலைப்பூ உயிரோடு வந்தது. ‘இன்றைய கனம்’ என்ற தலைப்பு, காற்றழுத்தம் அளக்கும் பாரமானி காலை எட்டு மணிக்குக் காட்டிய எண், அதன் கீழே ஒரு வரி. மூன்று வருஷப் பதிவுகளும் அப்படியே இருக்கின்றன. மேலே நானும் ஒரு பதிவு எழுதினேன். ‘அண்ணன் நம்மை விட்டுப் போய் இருபத்தைந்து நாள்’ என்று ஆரம்பித்தது. வெளியிட்டேன்.

தேதி ஜூலை 10 என்று விழுந்தது.

அவர் போனது 8. இரண்டாம் நாளே இருபத்தைந்து நாள் ஆயிற்று என்று ஒருவன் எழுதினால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் ஜூலை 10. உன் தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “அது இன்னும் அவரு நாள்லயே நிக்குதுங்க. வீட்டுக்கு மட்டும் கொண்டு வந்துடாதீங்க” என்றாள். நான் சிரித்தேன். சாயங்காலம் பின்னறைக்குள் போகும்போது விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

இன்னொன்று. கடைசி மாசம் முழுக்க அவர் பதிவுகள் காலை ஐந்தே முக்காலுக்கு வந்திருக்கின்றன. ஏழரைக்கு முன்னால் எழுந்திருக்காத மனுஷன். தூக்கமே இல்லாமல் இருந்தாரோ?

நீ படித்தவள். சொல்.

சோடா

(என் சோடாபுட்டிக் கண்ணாடிக்காக அண்ணன் வைத்த பெயர். இனி யார் கூப்பிடப் போகிறார்கள், நானாவது எழுதிக்கொள்கிறேன்.)

*

ஆகஸ்ட் 9

தம்பி,

பயப்பட ஒன்றுமில்லை. அந்த வகைப் பெட்டியில் கடிகாரத்துக்கென்று தனி மின்கலம் கிடையாது. மின்சாரம் போனால் அதற்கு நேரமும் நின்றுவிடும். திரும்ப வந்ததும், கடைசியாக எந்த நிமிடத்தில் அணைந்ததோ அந்த நிமிடத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இடையில் போன நாட்கள் அதன் கணக்கில் இல்லை.

மற்றவர்களின் பெட்டி எழுந்ததும் இணையத்தில் மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அண்ணன் அந்த வழியை அடைத்து வைத்திருந்தார். தன் வீட்டுப் பெட்டி ஊரானிடம் போய் மணி கேட்பதாவது என்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் திருத்துவார். பள்ளி ஆய்வகத்தில் முப்பது வருடம் கருவிகளைத் துடைத்து வைத்தவரின் பழக்கம்.

நீ செய்ய வேண்டியது அதேதான். அமைப்புகளில் தேதி, நேரம் என்று இருக்கும். சரியானதைப் போட்டுச் சேமி. பிறகு உன் பதிவைத் திறந்து அதன் தேதியையும் மாற்று.

ஐந்தே முக்கால் பற்றி எனக்குத் தெரியாது. வயதானால் தூக்கம் குறையும்.

போன் பற்றிக் கேட்காதே. வேலை அதிகம்.

அக்கா

*

ஆகஸ்ட் 15

அக்கா,

நீ சொன்னபடி செய்தேன். தேதி சரியாகிவிட்டது. உன் தம்பி பெண்டாட்டி உன்னை டாக்டர் ரேஞ்சுக்குப் பேசுகிறாள்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. கண்ணாடி விற்கிறவன் கண்ணில் தூசி விழுந்தால் விடமாட்டான். நான் பெட்டியைப் பிடுங்கியது ஜூலை 13, மாலை நாலு மணி. அவரை ஏற்றிப் போக வண்டி வந்து நின்ற நேரம், நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் கணக்குப்படி பெட்டி கண் விழித்தபோது ஜூலை 13, நாலு மணி என்றுதானே நினைத்திருக்க வேண்டும்? அது எழுந்தது ஜூலை 10, மதியம் ஒன்றே முக்கால். மாட்டிய அன்றே ஒரு தாளில் குறித்து வைத்தேன். அப்படியென்றால் நான் பிடுங்கும்போதே அது மூன்று நாள் பின்னால் இருந்திருக்கிறது. எப்படி?

அவருடைய கடைசிப் பதிவையும் மறுபடி பார்த்தேன். ஜூலை 8, ஐந்து நாற்பத்தொன்பது. தலைப்பு இல்லை. 1004 என்ற எண். அதன் கீழே வழக்கமான வரி இல்லை. ‘க’ என்ற ஒரே எழுத்து, பக்கம் முழுக்க, கககக என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. தூக்கக் கலக்கம் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

பாரமானியைக் கடையில் மாட்டியிருக்கிறேன். காலையில் திறந்ததும் அவர் செய்வது போலவே நகத்தால் ஒரு தட்டு, நிறுத்தி இரண்டு தட்டு. முள் சிலிர்த்துக்கொண்டு நகர்கிறது. பார்த்தால் ஏதோ ஆறுதல்.

சோடா

*

ஆகஸ்ட் 22

தம்பி,

பாரமானியைத் தட்டாதே. மாட்டி வைத்தால் போதும்.

உன் கேள்வி சரியானது. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வானிலை அலுவலகம் ஒவ்வொரு நாளும் காற்றழுத்தத்தை வெளியிடுகிறது. அதையும் அண்ணனின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஜூன் 12 வரை இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. அதற்குப் பிறகு பொருந்தவில்லை. அவர் பக்கத்தில் ஜூன் 28 அன்று ஒரு பெரிய இறக்கம். வானிலை அலுவலகத்தில் அதே இறக்கம் ஜூலை 1. மற்ற நாட்களும் அப்படியே. அவருடைய ஒவ்வொரு எண்ணையும் மூன்று நாள் முன்னால் தள்ளினால் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஜூன் 12 அன்று அங்கே புயல். அந்தத் தெருவுக்கு மின்சாரம் 15ஆம் தேதி பதினொன்றேகாலுக்குத்தான் வந்தது என்று மின்வாரிய அறிவிப்பில் இருக்கிறது. போனது 12 காலை ஒன்பதுக்கு. மூன்று நாள் இரண்டேகால் மணி. பெட்டி எழுந்தபோது இன்னும் 12 என்றே நினைத்தது. மறுநாள் அவர் எழுதியது 13 என்று விழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு நாளும் விடுபடவில்லை. 12, 13, 14 என்று ஒழுங்காக இருக்கிறது.

ஐந்தே முக்காலும் அதுதான். அவர் எப்போதும் போல எட்டு மணிக்குத்தான் எழுதினார்.

எனவே கடைசிப் பதிவு ஜூலை 8 அல்ல. ஜூலை 11, காலை எட்டு மணி நான்கு நிமிடம். நாம் சான்றிதழில் எழுதிக் கொடுத்த தேதியில் அவர் உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நாம் போன் செய்வதில்லை. தினமும் பதிவு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம், அதுவே போதும் என்பது நம் ஏற்பாடு. நீ பார்ப்பாய் என்று நானும், நான் பார்ப்பேன் என்று நீயும். புயலின்போது மூன்று நாள் வலைப்பூவே திறந்திருக்காது. பிறகு ஒரு மாதம் அன்றைய பதிவில் மூன்று நாள் பழைய தேதி. ஒரே ஒரு நாள் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

போன வருடம் அவருடைய பதிவின் கீழே நான் எழுதிய கருத்து உனக்கு நினைவிருக்கும். ‘இந்த அளவுகள் வெப்பநிலைக்குத் திருத்தப்படவில்லை. இவற்றுக்குப் புள்ளியியல் மதிப்பு ஏதும் இல்லை.’ மறுநாளே கருத்துப் பெட்டியை மூடினார். என்னோடு பேச்சையும் நிறுத்தினார். அந்த அளவுகளை வைத்துத்தான் இப்போது இதைக் கண்டுபிடித்தேன். அவை நன்றாகவே இருக்கின்றன.

டாக்டர் அன்று முதலில் என்ன சொன்னார்? நினைவுபடுத்திப் பார்.

அண்ணனின் போன் உன்னிடம்தானே இருக்கிறது? அதை அப்படியே விட்டுவிடு.

அக்கா

*

ஆகஸ்ட் 27

அக்கா,

டாக்டர் முதலில், “ரெண்டு நாள் இருக்கும்” என்றார். மூளையில் ரத்தக்கசிவு, பேச்சும் வலது கையும் முதலில் போயிருக்கும் என்றார். நான்தான் அவரோடு மல்லுக்கு நின்றேன். ஐந்து நாள் ஆயிற்று, என் அண்ணன் ஒரு காலையும் தவறவிட்டதில்லை என்று போனில் வலைப்பூவைத் திறந்து கடைசிப் பதிவைக் காட்டினேன். ஜூலை 8. அவர் என்னையும் பார்த்தார், போனையும் பார்த்தார். “ஜன்னல் எல்லாம் மூடி குளிர்ச்சியா இருந்திருக்கு. நீங்க சொன்னா சரி” என்று எழுதிக் கொடுத்தார்.

கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டியதே வாசலில் பேப்பர் கிடந்ததால்தான். எத்தனை பேப்பர் தெரியுமா? இரண்டு. 12, 13. மீதியை யாரோ எடுத்துப் போயிருப்பார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் பவர் பார்த்துக் கொடுக்கிறவன்.

போனை அப்படியே விடு என்றாய். சின்ன வயசிலிருந்து நீ தொடாதே என்றதை நான் தொடாமல் இருந்திருக்கிறேனா? சார்ஜ் போட்டேன். போன் கடிகாரம் தப்பாது. ஜூலை 11, காலை எட்டு ஒன்பதுக்கு ஒரே ஒரு அழைப்பு. உனக்கு. எடுக்காத அழைப்பு இல்லை. நான்கு நிமிஷம் பதினோரு விநாடி.

நீ பேசியிருக்கிறாய். அவர் 8ஆம் தேதி போனார் என்று நான் சொன்னபோது நீ ஒன்றும் சொல்லவில்லை. சாவுக்கு வந்தவர்களிடம் நான் 8, 8 என்று சொல்லிக்கொண்டு நின்றபோதும் பக்கத்திலேயே நின்றாய்.

என்ன பேசினார்?

சோடா

*

செப்டம்பர் 2

தம்பி,

ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆசிரியர் அறையில் இருந்தேன். முதல் வகுப்புக்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. திரையில் அண்ணன் என்று வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு. எடுத்து, “ம்” என்றேன். அவ்வளவுதான். கூப்பிட்டவர்தானே பேச வேண்டும் என்று இருந்தேன். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பிறகு கண்ணாடியில் நகம் படும் சத்தம். ஒரு தட்டு. நிறுத்தி, இரண்டு தட்டு. திரும்பவும் அதே. திரும்பவும்.

பாரமானிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். மதிப்பில்லை என்றாயே, இதோ கேள் என்கிறாராம். எத்தனை நேரம்தான் தட்டுவார் பார்க்கலாம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. மணி அடித்தது. அணைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். நிகழ்தகவு நடத்தினேன்.

இரண்டு நாள் கழித்து நீ கூப்பிட்டாய். ஐந்து நாளுக்கு முன்பே போய்விட்டார் என்றாய்.

என்னை உனக்குத் தெரியும். நாள் நட்சத்திரம், சகுனம், ஆவி என்று யார் ஆரம்பித்தாலும் எழுந்து போகிறவள். அன்று போனை அணைத்தவள் இன்றுவரை திறக்கவில்லை. இறந்து மூன்று நாள் ஆனவர் என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியைத் தட்டினார் என்று நம்பினேன். யாரிடமும் சொல்லாமல், கூசிக் கூசி நம்பினேன். குளிக்கும்போது அந்தத் தட்டு கேட்கும். உன் முதல் கடிதத்துக்கு ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று எழுதினேனே, அது உனக்கு எழுதியது இல்லை.

கணக்கைப் போட்டேன். மூன்று நாள் நகர்ந்தது. பேய் இல்லை என்று தெரிந்துவிட்டது. அவருக்குப் பேச்சு வரவில்லை, ஒரு கைதான் வேலை செய்தது, அதனால் தட்டினார். நான் காதில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடம் கோபமாக உட்கார்ந்திருந்தேன்.

பேயாகவே இருந்திருக்கலாம் தம்பி.

அக்கா

*

செப்டம்பர் 8

அக்கா,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். லென்ஸ் மாற்ற வந்தவரைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

நீ முன்பு எழுதியதில் ஒரு வரி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஞாயிறுதோறும் கையால் மணியைத் திருத்துவார் என்றாய். புயலுக்குப் பிறகு நான்கு ஞாயிறு வந்திருக்கிறதே. ஏன் திருத்தவில்லை? பெட்டிக்குள் வெளியிடாத பதிவுகள் இருக்கும் இடத்தைத் தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது. எழுதியது எழுதியபடி கீழே தருகிறேன். படித்துவிட்டு எனக்கு உடனே பதில் போட வேண்டாம்.

‘மின்சாரம் வந்துவிட்டது. பெட்டி மூன்று நாள் இரண்டேகால் மணி பின்னால் ஓடுகிறது. திருத்த இரண்டு நிமிடம் போதும். திருத்தவில்லை. நான் இருக்கிறேனா என்று தினமும் இங்கே வந்துதான் பார்க்கிறார்களாம், சோடா சொன்னான். பார்க்கிறவர்களுக்குத் தேதி கண்ணில் படும். சோடாவுக்குப் படாது, அவன் கண் அப்படி. டீச்சர் பிடித்துவிடுவாள். பிழையைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. கருத்துப் பெட்டியை மூடி வைத்திருக்கிறேன். ஆகவே போனில் கூப்பிட்டுத்தான் சொல்லியாக வேண்டும். கூப்பிடட்டும்.

இரண்டாம் ஞாயிறு. இல்லை.

மூன்றாம் ஞாயிறு. பரீட்சைத் தாள் திருத்துகிற காலம். வேலை இருக்கும்.

நான்காம் ஞாயிறு. கருத்துப் பெட்டியைத் திறந்துவிடலாமா என்று பார்க்கிறேன். எழுதுவது அவளுக்குச் சுலபம்.’

அவ்வளவுதான்.

தினமும் பார்க்கிறோம் என்று அவரிடம் சொன்னவன் நான்தான் அக்கா. அவர் சந்தோஷப்படட்டும் என்று சொன்னேன்.

சோடா

*

செப்டம்பர் 12

தம்பி,

ஒரு காரியம் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்காதே. என் மாணவர்கள் யாராவது இப்படித் தரவைத் திருத்தினால் நான் தேர்ச்சி போட மாட்டேன்.

வரும் 20ஆம் தேதி, ஞாயிறு காலை சரியாக ஏழு ஐம்பத்தைந்துக்குப் பெட்டியின் கடிகாரத்தைப் பின்னால் வை. ஜூலை 8, காலை ஐந்து நாற்பது. அதாவது அவருக்கு அன்று எவ்வளவு பின்தங்கியிருந்ததோ அவ்வளவு. கருத்துப் பெட்டியைத் திற. அவருடைய ஜூலை 7 பதிவின் கீழே நான் ஒரு வரி எழுதுவேன். அது கடைசிப் பதிவுக்கு முந்தைய நேரத்தில் விழ வேண்டும்.

பிறகு நீ எல்லாவற்றையும் இன்றைய தேதிக்குத் திருத்திவிடலாம். அந்த ஒரு வரியை மட்டும் தொடாதே.

அக்கா

*

செப்டம்பர் 20

அக்கா,

இன்று காலை சொன்னபடியே செய்தேன். உன் தம்பி பெண்டாட்டியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏழு ஐம்பத்தைந்து. கடிகாரத்தை வைத்தேன். கருத்துப் பெட்டியைத் திறக்கப் போனேன். அது ஏற்கெனவே திறந்திருந்தது.

நான் தொடவில்லை. பெட்டிக்குள் எந்த அமைப்பு எப்போது மாறியது என்று ஒரு குறிப்பு ஓடுகிறது, அதைப் பார்த்தேன். ஜூலை 8, ஐந்து ஐம்பத்தொன்று. நிஜக் கணக்கில் 11, எட்டு ஆறு. கடைசிப் பதிவைப் போட்டு இரண்டு நிமிஷம் கழித்து. உன்னைக் கூப்பிடுவதற்கு மூன்று நிமிஷம் முன்னால். ஒரு கையோடு, பேச்சு வராமல், முதலில் அதைத் திறந்துவிட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். அன்றிலிருந்து திறந்தே கிடந்திருக்கிறது.

ஐந்து நாற்பத்து நான்குக்கு உன் வரி வந்தது. ‘அண்ணே, தேதி மூணு நாள் பின்னாடி ஓடுது. பார்த்தேன்.’ அவர் கதவைத் திறப்பதற்கு ஏழு நிமிஷம் முன்னாலேயே நீ உள்ளே வந்துவிட்டாய் என்று பக்கம் சொல்கிறது. யார் பார்த்தாலும் அப்படித்தான் படிப்பார்கள்.

அதோடு எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நாற்பத்தொன்பது ஆயிற்று. ஐந்து ஐம்பத்தொன்று. நாங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து ஐம்பத்து நான்கு. பெட்டி ஒன்றும் செய்யவில்லை. முன்கடையில் பாரமானியின் முள் மட்டும் ஒரு சின்ன சத்தத்தோடு நகர்ந்தது. நான் தட்டவில்லை. நீ சொன்ன நாளிலிருந்து அதைத் தட்டுவதில்லை. லாரி ஏதாவது போயிருக்கும். அப்படித்தானே சொல்வாய்?

எட்டு ஒன்பதுக்கு உன் போன் அடித்ததா?

சோடா

*

செப்டம்பர் 24

தம்பி,

லாரியாகத்தான் இருக்கும்.

போனை அன்று காலை திறந்து வைத்திருந்தேன். எட்டு ஒன்பதுக்கு அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரியும். இருந்தாலும் எடுத்துக் காதில் வைத்தேன். நான்கு நிமிடம் பதினோரு விநாடி, கடிகாரம் பார்த்து.

இந்த முறை நான் பேசினேன்.

அக்கா